கருவியும் அபிப்பிராயமும்

தச்சர் இருவர் ஓரிடத்திற் கூடின், உளியைப் பற்றிய வழக்கு எழாமற் போவதில்லை. ஒருவர் தம் கையிலுள்ளதே உளி என்பர். மற்றவர் அது மரத்தைப் பிளக்க உதவுமேயன்றி நுட்ப வேலைக்கு ஆகாது என்பர். அருகில் நிற்கும் நமக்கோ இரண்டும் ஒரே இரும்பாகத் தோன்றும். ஆயினும் அவ்வழக்கைச் சற்றுப் பொறுமையுடன் கேட்போமாயின், முன்னவர் கதவுநிலை செய்பவர் என்பதும், பின்னவர் சித்திரவேலை செய்பவர் என்பதும் மெல்ல விளங்கும். உளியைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக்கொண்டு இருவரும் தத்தம் தொழிலைப் பற்றியே பேசினர் என்பது அப்போது தெரியவரும்.

யாம் இக்கல்லூரியை விட்டு நீங்கியபின் மேற்கொண்ட தொழில், கணினிக்கு நிரல் எழுதுதல். இத்தொழிலிலும் உளிவழக்கு உண்டு. தச்சுப்பட்டறையினும் உரத்த குரலில் நிகழ்வதும் உண்டு. அவ்வழக்கில் யாம் ஒருகால் ஆராயாது சொன்ன அபிப்பிராயத்தால், எமக்குத் தம்பி போன்ற ஒருவருக்கு இடர் நேர்ந்தது. அதனை மறைத்து வைப்பதினும் எடுத்துரைப்பது மாணவ நேயர்கட்குப் பயன்படும் எனக் கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முதற்கண், வழக்குக்குரிய பொருள் இன்னதெனக் கூறுதல் வேண்டும். வலைத்தளம் என்பது ஓர் உண்டிச்சாலையை ஒக்கும். கைப்பேசியிலோ கணினியிலோ நாம் காணும் பக்கங்கள் முன்கூடம். இலையிடுவதும் பரிமாறுவதும் அங்கு நிகழும். அதன் பின்னே, நம் கண்ணுக்குத் தெரியாத வேறோர் இடத்தில், சமையற்கட்டு உண்டு. வந்து கேட்பவர் யார், அவர் கேட்பதைக் கொடுக்கலாமா, அது எந்த ஏட்டில் இருக்கிறது, எவ்வடிவில் அனுப்ப வேண்டும் என்பனவெல்லாம் அங்கேயே தீர்மானிக்கப்படும். அச்சமையற்கட்டை ஒவ்வொரு முறையும் அடுப்புக்கல் நட்டுத் தொடங்க வேண்டாதபடி, அடுப்பும் அம்மியும் அண்டாவும் அகப்பையும் முன்னரே ஒழுங்காக அமைத்துத் தருவதையே ஃபிரேம்வொர்க், அதாவது சட்டகம், என்று வழங்குவர். அது சமைத்த உணவன்று. சமைப்பதற்குரிய ஏற்பாடு மட்டுமே. எவ்வேற்பாடு சிறந்தது என்பதுதான் நிரலாளர்தம் ஓயாத வழக்கு.

இச்சட்டகங்கள் பலவற்றுள் மூன்றின் பிறப்பை மட்டும் ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம். பிறந்த இடத்தை அறிந்தாலன்றி அவற்றின் இயல்பு விளங்காது.

ஜாங்கோ என்பது பைத்தான் மொழியில் அமைந்த சட்டகம். 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்னும் ஊரில் வெளிவந்த லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்ற நாளிதழ் நிலையத்தில், ஏட்ரியன் ஹொலொவாட்டி, சைமன் வில்லிசன் என்னும் இருவர் அதனை எழுதத் தொடங்கினர். செய்தித்தாள் நிலையத்தில் அவகாசம் என்பது ஏது? இன்று கேட்ட பக்கம் நாளைக்கு, சிலபோது இன்று மாலைக்கே, வேண்டும். பக்கத்தில் இடும் செய்தியை எழுதுவோரோ நிரலாளர் அல்லர், நிருபரும் ஆசிரியருமே. ஆகவே, நிரல் அறியாதாரும் செய்திகளைச் சேர்க்கவும் திருத்தவும் நீக்கவும் உதவும் நிருவாகப் பக்கம் ஒன்றை, எழுதுவார் உழைப்பின்றித் தானே ஆக்கித் தரும் வல்லமை ஜாங்கோவிற்கு அமைந்தது. 2005ஆம் ஆண்டு ஜூலையில் அஃது உலகோர் அனைவரும் இலவசமாக எடுத்தாளும்படி வெளியிடப்பட்டது. தீவிபத்தில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கியும், எஞ்சிய விரல்களைக்கொண்டே கித்தார் வாசித்துப் புகழ்பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் இசைவாணர் பெயரை அதற்கு இட்டனர்.

ரூபி ஆன் ரெயில்ஸ் அதற்கு ஓராண்டு முன்னர், 2004இல் வெளிவந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைன்மையர் ஹான்சன், 37சிக்னல்ஸ் என்னும் சிறு நிறுவனத்திற்காகப் பேஸ்கேம்ப் என்ற வேலைமேற்பார்வைத் தளத்தை எழுதினார். அதனுள் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றைப் பிரித்தெடுத்ததே ரெயில்ஸ். சிலரே கூடிப் பெரிதொன்றைக் கட்டவேண்டி எழுந்தமையால், அது சில வழக்கங்களை முன்னரே வகுத்துவிட்டது. கோப்புக்கு இப்பெயர், ஏட்டுக்கு இப்பெயர் என அவ்வழக்கத்தின்வழி நடப்பார்க்கு எழுத்து வேலை பாதியாகக் குறையும், நடவாதார்க்கு இடறும்.

மூன்றாவதாகிய ஃபிளாஸ்க்கின் பிறப்பு நகைச்சுவையானது. ஒரே கோப்பில் அடங்கும் சிறு சட்டகங்கள் பெருகிவந்ததைக் கண்ட ஆஸ்திரியரான ஆர்மின் ரோனாக்கர், 2010 ஏப்ரல் முதல் நாளன்று, முட்டாள்கள் தின வேடிக்கையாக, அத்தகைய பொய்ச்சட்டகம் ஒன்றைச் செய்து வெளியிட்டார். வேடிக்கை என்றறியாது பலர் அதனை மெய்யாகவே பாராட்டினர். அதன்பின் அவர் மெய்யாகவே எழுதியது ஃபிளாஸ்க். அது அடுப்பும் ஒரு பாத்திரமும் மட்டும் தரும். மற்றவற்றை வேண்டுவார் வேண்டியவாறு தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு பணியைச் செய்யும் சிறு நிரலுக்கு அதனினும் இனியது அரிது.

இனி, இவற்றைப் பற்றி நிரலாளர் கூறும் அபிப்பிராயங்களைக் கேட்பீராக. "ஜாங்கோ பெரும்பாரம், ஒரு செம்பு நீர் மொள்ள ஆற்றையே வீட்டுக்குக் கொணர்வது போன்றது" என்பார் ஒருவர். விசாரித்தால், அவர் எழுதுவன சிறு சிறு சேவைகள் என்பது தெரியவரும். "நிருவாகப் பக்கம் ஒன்றிற்காகவே ஜாங்கோவைக் கைகூப்பி வணங்கலாம்" என்பார் மற்றொருவர். அவருக்கோ இருபது எழுத்தர்கள் நாள்தோறும் அப்பக்கத்தில் வேலை செய்வர். "அது மெதுவானது, ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒருங்கே திறந்துவைத்துக் காத்திருக்க அதற்கு ஆகாது" என்பார் அரட்டைச் செயலி எழுதும் ஒருவர். "2010இல் வெளிவந்த இன்ஸ்டாகிராம் அதன்மேலன்றோ எழுந்தது?" என்று அவரை மறுப்பார் இன்னொருவர். நால்வரும் பொய்யுரைப்பவர் அல்லர். ஒவ்வொருவரும் தாம் நின்ற இடத்திலிருந்து கண்டதை மெய்யாகவே கூறுகின்றனர். தாம் நின்ற இடம் இன்னதென்று கூற மட்டும் மறந்துவிடுகின்றனர்.

யாமும் அவ்வாறே மறந்தோம்.

எமக்கு மூன்றாண்டு பின்னர் இதே விடுதியில் தங்கிப் பயின்ற நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் வந்தார். ஏழை மாணவர்க்கு உதவிச்சம்பளம் வழங்கும் அறநிலையம் ஒன்றில் அவருக்கு வேலை. மாணவர் விண்ணப்பங்களை வலைத்தளத்தின் வாயிலாகப் பெறவும், எழுத்தர்கள் அவற்றைச் சரிபார்க்கவும், பொறுப்பாளர் ஒப்புதல் அளிக்கவும், கணக்கர் தொகையைக் குறிக்கவும் ஏற்ற அமைப்பொன்றை அவர் தனியொருவராகச் செய்யவேண்டும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திற்குள் முடிக்கவேண்டும். இடையே இருந்தது ஐந்து திங்கள். "அண்ணா, ஜாங்கோவா ஃபிளாஸ்க்கா, எதை எடுக்கட்டும்?" என்று கேட்டார்.

தேநீர்க்கடை வாயிலில் நின்றபடி, கால்மணி நேரத்தில் யாம் விடை பகர்ந்தோம். "ஜாங்கோவின் பக்கம் போகாதே, தம்பி. அது பெரும்பாரம், மெதுவானது, உள்ளே என்ன நடக்கிறதென்றே தெரியாது. ஃபிளாஸ்க்கை எடு" என்றோம். அவர் என்ன செய்யப்போகிறார், எத்தனைபேர் துணை, யார் அதனைப் பயன்படுத்துவர் என்று ஒரு வினாவும் கேட்டோம் அல்லோம். அப்போது எமக்கு ஜாங்கோவின்மேல் மனத்தாங்கல் ஒன்று இருந்தது, அது பேசிற்று. மூத்தோர் சொல்லாதலின் அவரும் மறுவினா எழுப்பாமல் தலையசைத்துச் சென்றார்.

பின் நிகழ்ந்தவற்றை அவர் வாயிலாகவே அறிந்தோம். நுழைவுச்சொல் கொண்டு உள்ளே வரும் ஏற்பாட்டை அவரே எழுதினார். மறந்த நுழைவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும் வழியை அவரே எழுதினார். எழுத்தர்க்கு ஒருவகை உரிமை, பொறுப்பாளர்க்கு வேறுவகை உரிமை எனப் பிரிப்பதையும் அவரே எழுதினார். ஃபிளாஸ்க்குடன் சேர்த்துக்கொள்ளத்தக்க துணைக்கருவிகள் இவற்றிற்கெல்லாம் உண்டு, நல்லனவும் உண்டு. ஆயினும் எதனை எதனோடு சேர்ப்பது, சேர்த்தது பொருந்துமா என்று தெரிந்தெடுப்பதே தனியொருவர்க்கு ஒரு தொழிலாயிற்று. சிலவற்றைச் சேர்த்துப் பார்த்துக் கைவிட்டார். மே மாத இறுதியில் மாணவர் விண்ணப்பிக்கும் பக்கம் அழகாக நின்றது. எழுத்தர்கள் அவ்விண்ணப்பங்களைப் பார்ப்பதற்குரிய பக்கமோ எழுதப்படவே இல்லை. ஜாங்கோவில் அஃது ஒரு பிற்பகல் வேலை.

இரவுபகலாக விழித்து அதனையும் எழுதி முடித்தார். விழித்த கண்ணுக்கு ஒரு குறை தப்பிவிட்டது. உள்ளே வந்த மாணவர் ஒருவர் தம் விண்ணப்பப் பக்கத்தின் முகவரியில் இறுதியிலுள்ள எண்ணை மாற்றி இட்டால், வேறொரு மாணவருடைய விண்ணப்பம் தோன்றும். அவர் தந்தையின் வருவாயும், குடும்பத்தின் கடனும், இல்லத்தின் துயரமும் அதில் எழுதப்பட்டிருக்கும். இரண்டாம் நாளே ஒரு மாணவி இதனைக் கண்டு, நேர்மையுடன் வந்து சொன்னாள். தளம் அன்று மாலையே மூடப்பட்டது. அறநிலையத்தார் அவ்வாண்டு காகித விண்ணப்பத்திற்கே திரும்பினர். உதவிச்சம்பளம் பலர்க்குக் காலந்தாழ்த்தே கிடைத்தது. நண்பரின் பணி வேறொருவரிடம் ஒப்புவிக்கப்பட்டது.

நீதியாகப் பேசின், ஜாங்கோவை எடுத்திருப்பினும் இக்குறை தானே நீங்கியிராது. இவ்விண்ணப்பம் இன்னாருடையது, அவரன்றிப் பிறர் பார்க்கலாகாது என்பதை எச்சட்டகத்திலும் எழுதுவோனே எழுதவேண்டும். ஆனால் முன்னரே செய்துவைக்கப்பட்ட பலவற்றை மீண்டும் செய்வதில் அவருடைய ஐந்து திங்களும் கழியாதிருப்பின், அவரே செய்யவேண்டிய ஒன்றைச் சரிபார்க்க அவர்க்கு அவகாசம் இருந்திருக்கும். அவ்வவகாசத்தைப் பறித்தது எம் கால்மணி நேரப் பேச்சு.

சில திங்கள் கழித்து அவரைச் சந்தித்தோம். எம்மை ஒரு சொல்லும் குறைகூறவில்லை. "அண்ணா, ஜாங்கோவில் உங்களுக்கு என்னதான் நேர்ந்தது?" என்று மட்டும் கேட்டார். யாம் எம் பழங்குறையை எடுத்துரைத்தோம். இருநூறு மாணவர் பெயரையும் ஒவ்வொருவரும் எடுத்த பாடங்களையும் காட்டும் பக்கம் ஒன்றை எழுதியிருந்தோம். அது திறப்பதற்குள் பார்ப்பவர் எழுந்து போய்விடுவர். ஆராய்ந்தபோது, பெயர்ப்பட்டியலுக்கு ஒரு முறையும், பின் ஒவ்வொரு மாணவர்க்கும் தனித்தனியே ஒரு முறையுமாக, இருநூற்றொரு முறை தரவுத்தளத்தை அச்சட்டகம் வினவியது தெரிந்தது. ஒரே முறையில் வாங்கிவரத் தெரியாத வேலையாளை யார் வைத்துக்கொள்வர் என்று அன்றே வெறுத்தோம்.

நண்பர் அமைதியாகக் கேட்டிருந்துவிட்டு, "அதற்கு ப்ரீஃபெட்ச் ரிலேடட் என்று ஒரு வழி இருக்கிறதே, அண்ணா? அப்படிக் கேட்டால் இரண்டே வினவலில் எல்லாம் வந்துவிடும்" என்றார். வேலையிழந்த நாள்களில் அவர் ஜாங்கோவின் கையேட்டை முழுதும் படித்திருந்தார். அவ்வழி 2012 மார்ச்சில் வெளிவந்த 1.4ஆம் பதிப்பிலேயே சேர்க்கப்பட்டது. யாம் வெறுத்த காலத்தில் அது கையேட்டில் பல ஆண்டுகளாக அச்சேறிக் கிடந்தது. யாம் அப்பக்கத்தைப் படித்திருக்கவில்லை, அவ்வளவே. கடைத்தெருவுக்கு இருநூற்றொரு முறை போய்வந்த வேலையாளைக் குறைகூறினோம். பட்டியல் எழுதிக் கொடாதவர் யாமே என்பதை எண்ணினோம் அல்லோம்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அபிப்பிராயம் என்று யாம் பெருமையுடன் தாங்கிவந்தது அனுபவமன்று. படியாத ஒரு பக்கம். அதன்மேல் ஒருவர் தம் ஐந்து திங்கள் உழைப்பைக் கட்டினார். அவருக்குப் பின்னே, முகம் அறியாத எத்தனையோ மாணவர் காத்திருந்தனர்.

ஆகவே அபிப்பிராயமே கூடாதோ எனின், அன்று. குறைகூறாத கூட்டத்தில் எக்கருவியும் திருந்துவதில்லை. ஜாங்கோவின் தொடக்க நாள்களில், எழுதாத பெயர்கள் எங்கிருந்தோ வந்து தோன்றும் மாயம் அதில் மிகுதி என்ற குறை எழுந்தது. அதனை இயற்றியோர் அச்சொல்லுக்குச் செவிசாய்த்து, 2006இல் வந்த 0.95ஆம் பதிப்பில் அம்மாயங்களைக் களைந்தெறிந்தனர். ஏட்டின் அமைப்பை இடையில் மாற்ற நேர்ந்தால் வழியில்லையே என்பது மற்றொரு குறை. ஆண்ட்ரூ காட்வின் என்பவர் அதற்குச் சவுத் என்னும் துணைக்கருவியை எழுதினார். பின்னர் 2013இல் பயன்படுத்துவோரிடமே பொருள் திரட்டி, அவ்வசதியைச் சட்டகத்தினுள்ளேயே சேர்க்க உழைத்தார். 2014இல் வந்த 1.7ஆம் பதிப்பில் அது நிறைவேறியது. இவர்களும் குறைகண்டவர்களே. ஆனால் கண்ட குறையின் காரணத்தைத் தேடிச் சென்றனர். யாம் காரணம் தேடாது கடையில் நின்று பேசினோம். வேறுபாடு இதுவே.

தாவீது கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்டபோது, சவுல் அரசர் தம் கவசத்தை அவருக்கு அணிவித்த வரலாற்றை நம் சிற்றாலயத்தில் பலகால் கேட்டிருக்கிறோம். சவுலுக்குத் தீயெண்ணம் ஒன்றுமில்லை, கவசமும் குறையுடையதன்று. அணிவித்தவர் தம் உடலை நினைத்தாரேயன்றி அணிபவர் உடலை நினைத்தாரல்லர். தாவீதோ, இதில் எனக்குப் பழக்கமில்லை என்று அரசர் முன்னிலையிலேயே கழற்றி வைத்துவிட்டார். எம் தம்பிக்கு யாம் கொடுத்தது கனத்த கவசமன்று, இலகுவான கவணே. எனினும் அது அவர் கைக்குப் பழகியதன்று, அவர் எதிர்நின்ற வேலைக்கும் ஏற்றதன்று. தாவீதுக்கு இருந்த துணிவு அவருக்கு இல்லாமற் போனது எம்மேல் வைத்த மரியாதையால். அம்மரியாதைக்குத் தக்கவாறு யாம் நடந்தோம் அல்லோம்.

இன்று எம்மிடம் இளைஞர் எவரேனும் வந்து எச்சட்டகம் நல்லது என்று கேட்டால், யாம் மூன்று வினாக்களை முதலிற் கேட்கிறோம்: செய்யவேண்டிய வேலை யாது? உடன் உழைப்பார் எத்தனைபேர்? கட்டி முடித்தபின் அதனை ஆண்டுதோறும் காப்பவர் யார்? அவற்றிற்கு விடை கிடைத்த பின்னும் எம் கருத்தைக் கூறுமுன், யாம் அக்கருவியைக்கொண்டு இன்னது செய்தோம், இத்தனை காலம் செய்தோம், இன்னது எமக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டே தொடங்குகிறோம். கேட்பவர்க்குச் சிலபோது இது சலிப்பூட்டுகிறது. ஒரே சொல்லில் விடைவேண்டி வந்தவர் ஏமாற்றத்துடன் எழுந்து போவதும் உண்டு.

மாணவ நேயர்களே, நீவிர் மேற்கொள்ளும் தொழில் யாதாயினும், உம்மிடமும் இளையோர் வந்து கேட்கும் நாள் வரும். கேட்கப்படுவது இன்பமானது, உடனே விடைபகர நா துடிக்கும். அவ்வேளையில் எம் தேநீர்க்கடைப் பேச்சை ஒருகணம் நினைவுகூர்வீராக. மூத்தோரிடம் நீவிர் கேட்கும் வேளையிலும், "ஐயா, தாங்கள் அதனைக்கொண்டு என்ன செய்தீர்கள்?" என்று பணிவுடன் ஒரு வினாவைச் சேர்த்துக் கேட்பீராக. அது மரியாதைக் குறைவாகாது.

அந்நண்பர் இப்போது வேறோரிடத்தில் பணியாற்றுகிறார். அங்கு ஜாங்கோவும் உண்டு, ஃபிளாஸ்க்கும் உண்டு. எவ்வேலைக்கு எது என்று அவரே தெரிந்தெடுக்கிறார். சென்ற திங்கள் எமக்கு ஓர் ஐயம் எழவே, யாம் அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். அவர் விடை கூறவில்லை, "செய்யவேண்டிய வேலை என்ன, அண்ணா?" என்று முதலிற் கேட்டார்.